குண்டு எழுத்தும் அதற்குள் மிஞ்சும் வெள்ளையும்: ஸ்லாப் செரிஃப் எழுத்துருவைக் கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

மரச்செக்கு எண்ணெய் ஆலை ஒன்றுக்குப் பெயர்ப்பலகை செய்ய வேண்டியிருந்தது. மேலே தமிழில் கடைப் பெயர், கீழே ஆங்கிலப் பெரிய எழுத்தில் 'ஆயில் மில்' (OIL MILL). "நல்லா கனமா இருக்கணும் தம்பி, பஸ்ல போறவன் கண்ணுல படணும்" என்றார் முதலாளி. யோசிக்கவே இல்லை, ஆல்ஃபா ஸ்லாப் ஒன் எழுத்துருவை எடுத்துப் போட்டேன். பலகை ஜோராக வந்தது. அதே வடிவத்தைச் சுருக்கி, கீழே ஒரு வரி ஆங்கில முகவரியும் சேர்த்து, துணிப்பைக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் அனுப்பினேன். வந்த பைகளில் முகவரியில் இருந்த சின்ன 'ஈ' (e), சின்ன 'ஏ' (a) எல்லாம் கண் மூடிக்கொண்டிருந்தன. மை போய் உள்ளே இருந்த இடுக்கை அடைத்துவிட்டது. அச்சடித்தவர்மேல் குற்றமில்லை, கோப்பு கொடுத்தது நான்.

இந்த வகை எழுத்துருவில் எல்லோரும் கருப்பைத்தான் பார்க்கிறார்கள். நான் இப்போதெல்லாம் அதற்குள்ளும் அதைச் சுற்றியும் மிஞ்சும் வெள்ளையைப் பார்க்கிறேன். எழுத்துருவைத் தேர்வதிலிருந்து கோப்பை அச்சகத்துக்கு அனுப்புவதுவரை கீழே வரும் எல்லாமே அந்த வெள்ளையைக் காப்பாற்றும் வேலைதான். உதாரணத்துக்கு ஆல்ஃபா ஸ்லாப் ஒன்னையே வைத்துக்கொள்வோம். இலவசம், கூகுள் ஃபாண்ட்ஸில் கிடைக்கிறது, நீங்களும் இறக்கிவைத்துக்கொண்டு கூடவே செய்து பார்க்கலாம்.

ஸ்லாப் என்று ஏன் பெயர்

செரிஃப் என்பது எழுத்தின் கோடு முடியும் இடத்தில் குறுக்கே நிற்கும் சின்னப் பட்டை. டைம்ஸ் நியூ ரோமன் எழுத்துருவில் ஆங்கிலப் பெரிய 'ஐ'யைப் (I) பாருங்கள்: மேலும் கீழும் மெல்லிசாக ஒரு கோடு, ஓரங்களில் கூர்ந்து முடியும். அந்தப் பட்டையே நடுக்கோட்டுக்கு இணையான தடிமனில், முனை மழுங்காமல் சதுரமாக வெட்டுப்பட்டு நின்றால் அதுதான் ஸ்லாப். சமையலறையில் கடப்பைக்கல் ஸ்லாப் போடுகிறோமே, அதே சொல்தான், அதே கனம்தான்.

எல்லா ஸ்லாப்பும் குண்டாக இருக்க வேண்டும் என்பதில்லை. தட்டச்சு இயந்திரத்தின் எழுத்தும் ஸ்லாப் வகைதான். அதில் 'எம்'முக்கும் 'ஐ'க்கும் ஒரே அகலம்தான் ஒதுக்கியிருப்பார்கள். ஒல்லியான 'ஐ' அந்த அகலத்தில் தனியாக நின்றால் இரண்டு பக்கமும் ஓட்டை விழுந்தது போலத் தெரியும். நீளமான பட்டைகளைக் காலாகவும் தலையாகவும் வைத்து அதை நிரப்பினார்கள். ஐ.பி.எம். தட்டச்சுக்காக 1955-இல் வந்த கூரியர் இப்படிப்பட்ட ஒல்லி ஸ்லாப். நாம் பேசப்போவது அதன் குண்டு அண்ணனைப் பற்றி.

கொஞ்சம் வரலாறு, வேலைக்கு ஆகும் அளவுக்கு

19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து லண்டன். தொழிற்சாலைகள் பெருகி, விற்க வேண்டிய சரக்கும் பெருகி, சுவரெல்லாம் சுவரொட்டி. அதுவரை இருந்த அச்செழுத்துகள் புத்தகம் படிக்கச் செய்யப்பட்டவை. தெருவில் நின்று கத்த அவற்றால் முடியவில்லை. 1810-களின் நடுவில் வின்சென்ட் ஃபிகின்ஸ் என்ற எழுத்து வார்ப்பவர் தன் மாதிரிப் புத்தகத்தில் தடித்த பட்டை வைத்த பெரிய எழுத்துகளை 'ஆன்டிக்' என்ற பெயரில் காட்டினார். லண்டனிலேயே ஃபேன் தெருவில் வார்ப்பகம் வைத்திருந்த ராபர்ட் தோர்னும் இதே பாணியில் எழுத்து வெட்டினார். 1820-இல் அவர் இறந்ததும் வார்ப்பகத்தை வாங்கியவர் வில்லியம் தோரோகுட். லாட்டரியில் விழுந்த பணத்தில் வாங்கினார் என்பார்கள். அவர் வெளியிட்ட மாதிரிப் புத்தகத்தில் இந்த எழுத்துகள் 'எகிப்தியன்' ஆயின.

எகிப்துக்கும் இந்த எழுத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. நெப்போலியனின் 1798 படையெடுப்புக்குப் பின் ஐரோப்பாவில் எகிப்துப் பைத்தியம் பிடித்திருந்தது, எதற்கும் அந்தப் பெயர் வைத்தால் ஓடியது, அவ்வளவுதான். அந்தப் பழக்கம் விடவில்லை. நூறு வருடம் கழித்து வந்த ஸ்லாப்களுக்கும் மெம்ஃபிஸ், கெய்ரோ, கர்னாக் என்றே பெயர் வைத்தார்கள்.

அதே ஃபேன் தெரு வார்ப்பகத்திலிருந்து 1845-இல் கிளாரண்டன் வந்தது. வெட்டியவர் பெஞ்சமின் ஃபாக்ஸ், வெளியிட்டவர் ராபர்ட் பெஸ்லி. பட்டை சட்டென்று குறுக்கே நிற்காமல், நடுக்கோட்டிலிருந்து வளைந்து இறங்கி விரியும். கொஞ்சம் நாகரிகமான முரடன். மூன்று வருடத்துக்குக் காப்புரிமை மாதிரியான பதிவு வாங்கி வைத்திருந்தார் பெஸ்லி. அது முடிந்த கையோடு ஊரே நகலெடுத்தது.

அமெரிக்காவில் கதை மரத்துக்கு மாறியது. ஒரு சாண் உயர எழுத்தை ஈயத்தில் வார்த்தால் தூக்க முடியாது, விலையும் கட்டாது, ஆறும்போது முகம் சமமாகவும் நிற்காது. நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் 1827-இல் மரத்தில் எழுத்தை இயந்திரத்தால் குடைந்தெடுக்க வழி கண்டார். அடுத்த வருடமே விலைப்பட்டியல் போட்டார். சர்க்கஸ், ஏலம், தேடப்படும் குற்றவாளி என்று நம் மனதில் நிற்கும் கௌபாய் சுவரொட்டிகள் எல்லாம் அந்த மர எழுத்தின் பிள்ளைகள். மரத்தில் மெல்லிய கோடு உடையும், குண்டுக் கோடு தாங்கும். ஆக அந்தக் குண்டு உடம்புக்குச் சத்தம் மட்டும் காரணமில்லை, பொருளும் ஒரு காரணம். பொருளைப் பார்த்து எழுத்தை முடிவுசெய்யும் இந்தப் புத்தி இன்றைக்கும் உதவும்.

படி 1: எந்த ஸ்லாப் என்று முடிவு செய்யுங்கள்

கடையில் 'அரிசி' என்று மட்டும் கேட்க முடியாதது போல, 'ஸ்லாப் ஒன்று போடு' என்றும் சொல்ல முடியாது. வேலைக்கு நான் மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன்.

பழைய எகிப்தியன் குடும்பம் முதலாவது. ஆல்ஃபா ஸ்லாப் ஒன் இதில்தான் சேரும். தோர்னின் வார்ப்பகத்து 1820-ஆம் ஆண்டு எழுத்தை இன்றைய கண்ணால் பார்த்து வரைந்தவர் ஹோசே மிகெல் சோலே. முரட்டு உடம்பு, எழுத்துக்குள் வெள்ளை குறைவு. ஆலை, பட்டறை, உடற்பயிற்சிக்கூடம், ஜீன்ஸ், விளையாட்டுப் போட்டி எல்லாம் இதற்குப் பொருந்தும்.

இரண்டாவது கிளாரண்டன் குடும்பம். வளைந்த தோள், சின்ன எழுத்துகளின் நுனியில் உருண்டை. காபிக்கடை, பேக்கரி, பள்ளி ஆண்டுமலர் போன்ற இடங்களில் கனமும் வேண்டும், முறைக்கவும் கூடாது என்றால் இதுதான். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் மரப்பலகைகளில் வெகுகாலம் இந்தப் பாணிதான் இருந்தது. காட்டுக்கும் அதற்கும் நன்றாகவே ஒத்துப்போனது.

மூன்றாவது, 1930-ஐ ஒட்டி ஜெர்மனியிலும் பின் இங்கிலாந்திலும் வந்த வடிவியல் குடும்பம்: மெம்ஃபிஸ், சிட்டி, 1934-இல் மோனோடைப் என்ற எழுத்துரு நிறுவனம் வெளியிட்ட ராக்வெல். காம்பஸால் வரைந்த 'ஓ' (சிட்டியில் மட்டும் அது மூலை உருண்ட சதுரம்), எல்லாக் கோடும் ஏறத்தாழ ஒரே தடிமன். பொறியியல் நிறுவனம், கட்டுமானம், தொழில்நுட்பம் என்றால் நான் இங்கே போவேன். மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் இருக்கும் கணினியில் பெரும்பாலும் ராக்வெல் இருக்கும், தேடிப் பாருங்கள்.

ஐ.பி.எம். நிறுவனத்தின் சின்னம் இந்த மூன்றாவது குடும்பம். கேயோர்க் ட்ரம்ப் 1930-இல் வரைந்த சிட்டியைத் தழுவி, பால் ராண்ட் 1956-இல் அதை அமைத்தார். முதலில் முழுக் கருப்பு. 1972-இல் அதே எழுத்துகளைக் குறுக்குவாட்டில் எட்டுப் பட்டைகளாகக் கீறினார். ஒல்லியான 'ஐ', இரட்டை வயிறு உள்ள 'பி', அகலமான 'எம்' என மூன்றும் மூன்று விதம். நடுவில் ஓடும் வெள்ளைக் கோடுகள் மூன்றையும் ஒரே துணியில் நெய்தது போலக் கட்டிப்போட்டன. கனமான ஸ்லாப்புக்குள் வெள்ளையை எப்படி விடுவது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

படி 2: எழுத்துருவைச் சோதியுங்கள்

இறக்கியதும் வாடிக்கையாளரின் வாசகத்தை முழுசாகத் தட்டுங்கள். எண், காற்புள்ளி, தொலைபேசி எண்ணில் வரும் கூட்டல் குறி எதையும் விடாதீர்கள். பிறகு ரூபாய்க் குறி. 2010-இல்தான் இந்தக் குறி அறிமுகமானது. வடிவமைத்த உதயகுமார் நம் கள்ளக்குறிச்சிக்காரர். வெளிநாட்டில் வரைந்த அலங்கார எழுத்துரு பலவற்றில் இது இருக்காது. இல்லாவிட்டால் மென்பொருள் சத்தம் போடாமல் வேறொரு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கிப் போட்டுவிடும். குண்டு குண்டாக 499 என்று இருக்க, முன்னால் ஒரு நோஞ்சான் ரூபாய்க் குறி நிற்கும். தள்ளுபடிச் சுவரொட்டிகளில் இதை நிறையப் பார்க்கலாம். அதே எழுத்துருவின் 'ஆர்' எழுத்தை வடிவமாக மாற்றி, முதுகுக்கோட்டை நீக்கி, மேலே இரண்டு பட்டை வைத்துக் கையால் செய்துகொள்வது ஒரு வழி. சோம்பலாக இருந்தால் தமிழில் 'ரூ.' என்று போட்டுவிடுங்கள், எந்தக் குறையும் இல்லை.

ஆல்ஃபா ஸ்லாப் ஒன்னில் ஒரே ஒரு எடைதான், அதாவது கோட்டின் தடிமன் ஒன்றே ஒன்றுதான். சாய்வு எழுத்து கிடையாது, மெல்லியதும் கிடையாது. ஏற்கெனவே கனமான எழுத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மென்பொருளில் 'போல்ட்' பொத்தானையும் அழுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அப்போது கணினி எழுத்தைச் சுற்றி இன்னும் கொஞ்சம் கருப்பைப் பூசும். இருக்கிற கொஞ்ச நஞ்ச வெள்ளையும் போய்விடும். சாய்வுப் பொத்தானும் அப்படியே: பட்டைகள் சரிந்து, வண்டி குடைசாய்ந்தது போல இருக்கும்.

உரிமம்: இது திறந்த எழுத்துரு உரிமத்தில் வருவது. வணிக வேலைக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம், எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. வேறு எழுத்துருக்களுக்கு உரிமக் கோப்பைத் திறந்து படித்துவிடுங்கள்.

படி 3: வாசகத்தைக் குறையுங்கள்

குண்டு ஸ்லாப் நாலு வார்த்தைக்கு மேல் தாங்காது என்பது என் கணக்கு. ஐந்தாவது வார்த்தையிலிருந்து அது கூச்சல். வாடிக்கையாளர் பத்து வரி கொடுப்பார், எல்லாமே முக்கியம் என்பார். அதில் ஒன்றை மட்டும் இதில் போட்டுவிட்டு, மீதியை எளிய சான்ஸ் எழுத்தில், அதாவது செரிஃப் பட்டை இல்லாத எழுத்தில் போடுங்கள். பக்கத்தில் அமைதியாக ஒன்று இருந்தால்தான் கனம் கனமாகத் தெரியும்.

படி 4: அளவு

மென்பொருள் காட்டும் புள்ளிக் (பாயிண்ட்) கணக்கை நம்பாதீர்கள். 72 புள்ளி என்றால் ஓர் அங்குலம், சரி. ஆனால் எழுத்து ஓர் அங்குல உயரத்துக்கு வராது. அந்த 72 புள்ளியில் கீழே தொங்கும் வாலுக்கும் மேலே விடும் இடத்துக்கும் பங்கு உண்டு. பெரிய எழுத்தின் உயரம் பல எழுத்துருக்களில் ஏறத்தாழ 70 சதவீதம், அதாவது ஏறத்தாழ 18 மி.மீ.தான் தேறும். பலகை வேலைக்கு எழுத்தை வடிவமாக மாற்றி, அதன் உயரத்தை அங்குலத்தில் கொடுப்பதே நல்லது.

எவ்வளவு உயரம்? பலகை செய்கிறவர்களின் கைக்கணக்கு ஒன்று உண்டு: 10 அடித் தொலைவுக்கு 1 அங்குலம். சாலைக்கு அந்தப் பக்கம் 100 அடியில் நிற்பவருக்குச் சுகமாகத் தெரிய 10 அங்குலம். எண்ணெய் ஆலைக்கு நான் 12 அங்குலம் வைத்தேன். ஆல்ஃபா ஸ்லாப்பின் பெரிய எழுத்துகள் நல்ல அகலம், 'ஆயில் மில்' என்ற இரண்டே சொல்லுக்குக் கிட்டத்தட்ட 7 அடி வந்துவிட்டது. 10 அடிப் பலகையில் பக்கத்துக்கு ஒன்றரை அடி மிச்சம். "அந்த இடத்தில் போன் நம்பர் போடலாமே" என்றார் முதலாளி. போடவில்லை. அது காலி இடமில்லை, எழுத்து மூச்சுவிடும் இடம் என்று விளக்கி முடிப்பதற்குள் இரண்டு டீ ஆகிவிட்டது.

படி 5: இடைவெளி. உண்மையான வேலை இங்கேதான்

ஆங்கிலத்தில் 'மில்' என்று பெரிய எழுத்தில் தட்டிப் பாருங்கள். எம், ஐ, எல், எல். நான்கும் செங்குத்துக் கோடு உள்ள எழுத்துகள், நான்குக்கும் அடியில் பட்டை. அடிக்கோட்டில் மட்டும் பார்வையை ஓட்டினால் பட்டைகள் ஒன்றையொன்று எட்டிப் பார்த்தபடி, வேலி போல வரிசையாக நிற்கும்.

இப்போது எழுத்துகளுக்கு நடுவில் உள்ள வெள்ளையைப் பாருங்கள். எம்முக்கும் ஐக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டி: இருபுறமும் செங்குத்துக் கோடு, மேலும் கீழும் பட்டைகள் மூடி போட்டது போல. ஐக்கும் முதல் எல்லுக்கும் நடுவிலும் அப்படியே ஒரு பெட்டி. ஆனால் முதல் எல்லுக்கும் அடுத்த எல்லுக்கும் நடுவில்? எல்லின் கை தரையோடு நீண்டு கிடக்கிறது, அதற்கு மேலே பெரிய மைதானம் காலியாக இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் 'மில்' என்ற சொல் எம்-ஐ-எல் என்று ஒரு கூட்டமாகவும், கடைசி எல் தனியாகவும் தெரியும்.

புதிதாகச் செய்கிறவர் உடனே இரண்டாவது எல்லைப் பிடித்து இடதுபுறம் தள்ளுவார். தள்ள முடியாது. முதல் எல்லின் கை, இரண்டாவது எல்லின் காலில் போய் முட்டும். ஸ்லாப்பில் இதுதான் தலைவலி. சான்ஸ் எழுத்தில் காலில் பட்டை இல்லாததால் இன்னும் கொஞ்சம் தள்ள இடம் இருக்கும், இதில் அது இல்லை.

அதனால் கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். முதலில் எல்–எல் ஜோடியை, முட்டாமல் எவ்வளவு நெருக்க முடியுமோ அவ்வளவு நெருக்கி நிறுத்துங்கள். அந்தச் சொல்லிலேயே பெரிய வெள்ளை அதுதான், அதற்குக் கீழே குறைக்க முடியாது. பிறகு எம்–ஐ, ஐ–எல் ஜோடிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிக்கொண்டே வாருங்கள். எல்லா வெள்ளையும் சமமாகிவிடாது. ஆனால் ஒரு கட்டத்தில் கடைசி எல் கூட்டத்தில் வந்து சேர்ந்துவிடும். அங்கே நிறுத்துங்கள்.

வடிவமைப்பு மென்பொருளில் இதைச் செய்வது எளிது. கோரல் டிராவில் எஃப்10 அழுத்தினால் ஷேப் டூல் வரும், ஒவ்வொரு எழுத்தின் காலடியிலும் சின்னச் சதுரம் தெரியும், அதைப் பிடித்து இழுக்கலாம். இல்லஸ்ட்ரேட்டரில் இரண்டு எழுத்துக்கு நடுவில் கர்சரை வைத்து ஆல்ட் விசையோடு அம்புக்குறி. ஒரு அழுத்தலுக்கு 20 அலகு நகரும், 1000 அலகு சேர்ந்தால் ஓர் எழுத்தளவு. குண்டு எழுத்தில் 20 என்பதே கண்ணுக்குத் தெரியும் மாற்றம்.

இன்னொரு வழியும் உண்டு, துணிச்சல்காரர்களுக்கு: எல்லின் கையையும் அடுத்த எல்லின் காலையும் வேண்டுமென்றே ஒட்டவைத்து, வெல்ட் செய்து ஒரே வடிவமாக்கிவிடுவது. சின்னத்துக்கு அழகாக இருக்கும். ஆனால் அரைகுறையாக ஒட்டக் கூடாது. முடி அளவு இடைவெளி விட்டால் அச்சில் பாதி இடத்தில் ஒட்டியும் பாதி இடத்தில் ஒட்டாமலும் வந்து, பார்ப்பவருக்குப் பிழை போலத் தெரியும்.

'ஆயில்' சொல்லில் முதல் எழுத்து வட்டமான ஓ. வட்டத்துக்கு மேலும் கீழும் மூலைகளில் தானாகவே வெள்ளை கிடைப்பதால், அதை ஐக்குப் பக்கத்தில் நன்றாக நெருக்கலாம். இரண்டு சொல்லுக்கு நடுவில் விடும் இடம் பெரும்பாலும் அதிகமாக இருக்கும். ஓர் 'ஐ' எழுத்தை நடுவில் வைத்துப் பாருங்கள், அந்த அகலம் போதும்.

சரியாக வந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? திரையைச் சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அப்புறம் வடிவத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். படிக்க முடியாதபோதுதான் கண் வடிவத்தைப் பார்க்கும், எங்கே ஓட்டை விழுந்திருக்கிறது என்று அப்போது பளிச்சென்று தெரியும்.

படி 6: வரிகளை அடுக்குவது

ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் கீழே தொங்குவது ஏறக்குறைய எதுவும் இல்லை. அதனால் வரி இடைவெளியை எழுத்து அளவைவிடக் குறைத்தே, 85–90 சதவீதம் என்று வைக்கலாம். செங்கல் அடுக்கியது போல இறுக்கமாக நிற்பதுதான் ஸ்லாப்புக்கு அழகு. வரிகளுக்கு நடுவில் உள்ள வெள்ளை, எழுத்துகளுக்கு நடுவில் உள்ளதைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தால் போதும். சின்ன எழுத்து கலந்தால் ஜி, பி, ஒய் எழுத்துகளின் வால் கீழ்வரியில் இடிக்கும், 100 சதவீதத்துக்கு மேல் போக வேண்டிவரும்.

சுவரொட்டிக்காரர்கள் எல்லா வரியையும் ஒரே அகலத்துக்கு நிரப்ப, ஒவ்வொரு வரிக்கும் ஓர் அளவு வைப்பார்கள். அதைச் செய்யலாம். ஆனால் எழுத்தின் ஓரத்தைப் பிடித்து அகலவாட்டில் மட்டும் இழுக்காதீர்கள். செங்குத்துக் கோடு பருத்து, பட்டை மட்டும் அப்படியே நிற்கும். ஸ்லாப்பின் உயிரே இந்த இரண்டுக்கும் உள்ள விகிதம்தான். அது கெட்டால் எதற்கு இந்த எழுத்துரு?

படி 7: பக்கத்தில் தமிழ் வந்தால்

நம் பலகைகளில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே வரும், ஆல்ஃபா ஸ்லாப்பில் தமிழ் கிடையாது. தமிழுக்கு வேறொன்று தேட வேண்டும். தமிழில் செரிஃப் என்ற மரபே இல்லை. சிலர் 'ப', 'ட' எழுத்துகளின் நுனியில் பட்டை ஒட்டி ஸ்லாப் தமிழ் செய்யப் பார்க்கிறார்கள். அந்த இரண்டுக்கும் நேர்க்கோடு உண்டு, ஒட்டும். 'ஞ', 'இ', 'ஒ' வந்ததும் எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் முழிக்க வேண்டியதுதான். என் யோசனை, வடிவத்தைப் பொருத்தப் பார்க்காமல் கனத்தைப் பொருத்துங்கள்.

அதிலும் ஒரு சிக்கல். ஆங்கில எல்லில் இரண்டே கோடு. தமிழ் 'ணி'யில் எத்தனை சுழி! 'ஐ', 'ழு', 'னை' எதை எடுத்தாலும் உள்ளே நெருக்கம். கோட்டை ஆங்கிலத்தின் அளவுக்கே தடித்தால் சுழிகள் அடைத்துக்கொள்ளும். ஆக, தமிழ்க் கோடு ஆங்கிலக் கோட்டைவிடச் சற்று மெலிந்துதான் இருக்கும், இருக்கட்டும். கண்ணைச் சுருக்கிப் பார்க்கும்போது இரண்டு வரியும் ஒரே அளவு கருமையாகத் தெரிந்தால் போதும்.

அனெக் தமிழ் எழுத்துருவை அதன் மிகத் தடித்த எடையில், அகலத்தையும் கூட்டி வைத்தால் ஆல்ஃபா ஸ்லாப்புக்கு ஈடுகொடுக்கிறது. அகலம் கூடும்போது சுழிக்குள் வெள்ளையும் கூடுவது அதன் நன்மை. கேட்டமரன் எழுத்துருவின் 900 எடையும் (அதில் மிகத் தடித்தது) பரவாயில்லை. பலூ தம்பி எனக்குப் பிடித்த எழுத்துதான், ஆனால் அதன் கொழுகொழு மூலைகள் சதுரமான ஸ்லாப்பின் பக்கத்தில் நின்றால் மல்லனுக்குப் பக்கத்தில் பாப்பா நிற்பது போல இருக்கும். ஐஸ்கிரீம் கடைக்கு வேண்டுமானால் அதுவே பொருத்தம்.

உயரத்துக்கு, தமிழ் 'ப'வை ஆங்கிலப் பெரிய எழுத்தைவிடக் கொஞ்சம் தாழ்வாக வைக்கிறேன். 'ி', 'ீ' குறிகள் மேலே போய் மிச்சத்தை நிரப்பிவிடும். வரி இடைவெளியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மேலே அந்தக் குறிகளும் கீழே 'ு', 'ூ' வாலும் இருப்பதால் ஆங்கிலத்தின் செங்கல் அடுக்கு தமிழுக்கு ஒத்துவராது, 130 சதவீதமாவது விடுங்கள்.

படி 8: எதில் வரப்போகிறது

துணியில் ஸ்கிரீன் பிரிண்டிங் என்றால், எழுத்துக்குள் இருக்கும் மிகச் சின்ன வெள்ளையை அளந்து பாருங்கள். சின்ன 'ஈ'யின் கண்தான் பெரும்பாலும் முதலில் அடைபடும். 1 மி.மீ.க்குக் குறைந்தால் துணியில் நான் அதை நம்புவதில்லை. அந்தத் துணிப்பை கொடுத்த பாடம். அப்படிக் குறைந்தால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், அல்லது அந்த வரியை வேறு எழுத்தில் போடுங்கள்.

கருப்பில் வெள்ளை எழுத்து வைத்தால் வெள்ளை பரந்து தெரியும், எழுத்து இன்னும் குண்டாகும். பின்னால் விளக்கு எரியும் பலகையில் இது இரட்டிப்பு, பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் இரவில் ஒன்றாகக் கரையும். இப்படிப்பட்ட வேலைக்கு இடைவெளியை மொத்தமாகக் கொஞ்சம் கூட்டி அனுப்புங்கள். அச்சில் வெள்ளை எழுத்து என்றால் நேர்மாறான ஆபத்தும் உண்டு: சுற்றியுள்ள மை உள்ளே பரவி மெல்லிய இடத்தைத் தின்னும். குண்டு ஸ்லாப்பில் மெல்லிய இடம் குறைவு என்பதால் இதில் தப்பித்துவிடுகிறோம்.

அக்ரிலிக் அல்லது தகரத்தில் முப்பரிமாண எழுத்துக்கு இதைப் போலத் தோதான எழுத்துரு இல்லை. கோடு அகலமாக இருப்பதால் எல்.இ.டி. மாட்யூல் உள்ளே வசதியாக உட்காரும், அடிப்பட்டை இருப்பதால் எழுத்து தரையிலேயே நிற்கும்.

இணையதளத்தில் ஒன்றே ஒன்று. பெரிய தலைப்பை உலாவி தானாகவே தடித்த எடையில் காட்டும். எழுத்துருவில் அந்த எடை இல்லாததால் போலியாகத் தடிக்கவைக்கும், முன்னே சொன்ன போல்ட் பொத்தான் கதைதான். தலைப்பின் எடையை 400 (சாதாரண எடை) என்று கைப்பட எழுதிவையுங்கள்.

எங்கே வேண்டாம்

பத்திகளுக்கு வேண்டாம், அது சொல்லாமலே தெரியும். நகைக்கடைக்கும் பட்டுக்கும் நான் போடமாட்டேன். மருத்துவமனைக்கும் யோசிப்பேன், நோயாளியை அதட்டுவது போல இருக்கும். மன்னிப்புக் கேட்கும் அறிவிப்பு, இரங்கல் செய்தி இரண்டிலும் தயவுசெய்து வேண்டாம். ஒரு முறை கடை விடுமுறை அறிவிப்பை இதில் போட்டிருந்தார்கள். படித்தவுடன் நாம்தான் ஏதோ தப்பு செய்துவிட்டோமோ என்று தோன்றியது.

படி 9: கோப்பை அனுப்பும் முன்

எழுத்தைக் கர்வ்ஸாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக மாற்றுங்கள். கோரலில் கன்ட்ரோல்–க்யூ, இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல்–ஷிஃப்ட்–ஓ. மாற்றாமல் அனுப்பி, அச்சகத்துக் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால், நீங்கள் ஒரு மணி நேரம் பார்த்துப் பார்த்து வைத்த இடைவெளி எல்லாம் ஏரியல் எழுத்துக்குப் போய்ச் சேரும். மாற்றுவதற்கு முந்தைய கோப்பைத் தனியாகச் சேமித்துவையுங்கள், நாளைக்கே பெயரில் ஒரு எழுத்தை மாற்றச் சொல்வார்கள்.

பிறகு உண்மையான அளவில் ஓர் எழுத்தையாவது வீட்டு அச்சுப்பொறியில் எடுத்து, செய்யப்போகும் இடத்தில் ஒட்டிப் பாருங்கள். ஆலை முதலாளியிடம் நான் அப்படி 12 அங்குல எல் ஒன்றை நாலு தாளில் எடுத்து ஒட்டிக் காட்டினேன். சாலையைக் கடந்துபோய் நின்று பார்த்தார், திரும்பி வந்து, "இன்னும் கொஞ்சம் பெருசா வருமா?" என்றார்.